பரவாயில்லை மாப்பிள்ளையும் பன்னிரண்டாம் நம்பர் பூனையும்

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று சிலரைச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களின் வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டியவர் எங்கள் மாப்பிள்ளை. ஆனால் முன்னால் நின்றால் பின்னால் இருப்பவருக்கு மறைக்குமே என்று கடைசிக்குப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் வளர்த்த பூனைக்குட்டி, யாரும் விரலை வைக்காமலே தேடி வந்து கடித்தது. அந்தக் கதையைத்தான் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் புருஷனைப் பற்றி நான் என்ன சொன்னாலும் சொன்னபடியே எழுத வேண்டும் என்பது பேச்சு. இப்போதே முகத்தைச் சுளிக்கிறாள். சுளிக்கட்டும்.

மாப்பிள்ளைக்குத் தெருவில் 'பரவால்ல' என்றுதான் பெயர். எதற்கெடுத்தாலும் அந்த ஒரு சொல்தான் வரும். பேருந்தில் ஒரு அம்மாள் குதிகால் உயர்ந்த செருப்போடு அவர் காலை மிதித்துவிட்டுப் பதறினாளாம். "பரவால்லங்க, இன்னொரு கால் சும்மாதான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். சலவைக்காரர் ஒருநாள் வேறு யாருடைய சட்டையையோ மாற்றிக் கொடுத்துவிட்டார். பரவாயில்லை என்று அதையே போட்டுக்கொண்டு போனார். சட்டைக்குச் சொந்தக்காரர் வழியில் பார்த்துச் சண்டைக்கு வந்துவிட்டார். அவருக்கும் ஒரு பரவாயில்லையைச் சொல்லி, நடுத்தெருவிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். இதற்குமேல் அவர் குணத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

வேலை, ஷூ கடையில். கடைவீதியில் மருந்துக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே இருக்கிறது. வாடிக்கையாளர் மெத்தை இருக்கையில் உட்கார்வார். மாப்பிள்ளை அவருக்கு எதிரே முழங்கால் உயரம்கூட இல்லாத முக்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அளவு பார்த்து ஷூ மாட்டிவிடுவார். என் மகளை அவர் முதலில் பார்த்ததும் அப்படித்தான். ஒரு ஷூ வாங்கப் போனவள், அடுக்கில் இருந்த அத்தனை பெட்டியையும் இறக்கச் சொல்லி, அது குத்துகிறது, இது கவ்வுகிறது என்று ஒன்றையும் வாங்காமல் எழுந்தாள். அவர் "பரவால்லங்க" என்றார். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். கடையில் இருந்த எதுவும் பிடிக்காமல், கடைசியில் கடைக்காரரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அம்மா, இது தேவையா?" என்கிறாள். தேவைதான். எழுது.

அந்த முக்காலி மாப்பிள்ளையின் முழங்காலைத் தின்றுவிட்டது. உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, இப்போது அவர் எழுந்தால் பழைய கதவு திறப்பதுபோல் சத்தம் வரும். அந்தச் சமயத்தில்தான் முதலாளி ரயில் நிலையச் சாலையில் இரண்டாவது கடை திறக்கப்போவதாகவும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றும் பேச்சு வந்தது. பொறுப்பாளருக்கு நாற்காலி உண்டு. முதுகு சாய்க்கலாம், சுழலலாம். மாப்பிள்ளை வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் கடைவீதியில் நாற்காலிக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நடை தளர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது பூனைக்கு வருகிறேன்.

கடையின் பின்னால் சரக்கு அறை. அங்கே பன்னிரண்டாம் நம்பர் ஷூ பெட்டி ஒன்று வெகுகாலமாகக் கிடந்தது. அவ்வளவு பெரிய கால் ஊரில் முதலாளிக்கு மட்டும்தான், அவரும் அந்தத் தினுசு பிடிக்காமல் ஒதுக்கியது. ஒரு தெருப்பூனை அதற்குள் குட்டி போட்டுவிட்டது. மற்ற குட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். மிஞ்சிய ஒன்றை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை அதைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, "பரவால்ல, ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்" என்றார். சாம்பல் நிறம், வெள்ளைக் கால், உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. பெட்டியில் எழுதியிருந்ததையே பெயராக வைத்தோம். பன்னிரண்டு.

மூலையில் இருந்துவிட்டுப் போகிற ஜாதியா அது? வந்த அன்றே மூலையைத் தவிர எல்லா இடத்திலும் இருந்தது. திரைச்சீலையில் தொங்கியது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. அதெல்லாம் குழந்தை விளையாட்டு, ரசிக்கலாம். கெடுத்தது மாப்பிள்ளைதான். சாக்ஸ் இல்லாமல் வருகிறவர்கள் ஷூவைப் போட்டுப் பார்க்கக் கடையில் மெல்லிய சாக்ஸ் வைத்திருப்பார்கள் அல்லவா, அதில் கிழிந்துபோன ஒன்றைக் கொண்டுவந்து கையில் மாட்டிக்கொண்டார். ஐந்து விரலையும் பாம்புத் தலைபோல் குவித்து ஆட்டினார். பன்னிரண்டு பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி, குறி பார்த்து, ஒரே பாய்ச்சல். முன்காலால் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்காலால் உதைத்து, பல்லைப் பதித்தது. மாப்பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் இதே கூத்துதான்.

ஷூ கடைக்காரர் வீட்டில்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். அது குட்டி. அதற்கு என்ன தெரியும்? சாக்ஸ் போட்டது எல்லாம் இரை, சாக்ஸுக்குள் இருக்கும் விரலும் இரை, சாக்ஸ் இல்லாவிட்டாலும் விரல் விரல்தான் என்று பாடம் படித்துக்கொண்டது. அதன்பிறகு நாங்கள் யாரும் நிம்மதியாகக் கால் வைக்கவில்லை. சோபாவுக்கு அடியிலிருந்து பாயும். கதவு இடுக்கிலிருந்து பாயும். நான் போர்வைக்குள் கால் மாற்றிப் போட்டால் போர்வையோடு கடிக்கும். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். எங்கள் வீட்டில் எலி கிடையாது. எலி வேலையை நாங்கள் பார்த்தோம்.

மாப்பிள்ளை ஒவ்வொரு கடிக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து தடவி, "பரவால்ல, பாசத்துல கடிக்குது" என்பார்.

"பாசம்னா உங்களோட வச்சுக்கட்டும்" என்பாள் என் மகள். "என் காலுக்கு வேண்டாம் அந்தப் பாசம்."

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நான் செய்தேன். அது பாயும்போது "சீ, போ!" என்று கூரை அதிரக் கத்தினேன். அது திடுக்கிட்டு நின்றது, உண்மை. பிறகு, பாட்டி நன்றாக விளையாடுகிறாள் என்று நினைத்து இரண்டு மடங்கு வேகத்தில் பாய்ந்தது. என் மகள் தண்ணீர் பீய்ச்சினாள். அது நனைந்த மீசையை நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் பீய்ச்சு என்பதுபோல் பார்த்தது. கடைசியில் மாப்பிள்ளை கடையிலிருந்து, மழைக்குப் போடும் முழங்கால் உயர ரப்பர் ஷூ மூன்று ஜோடி கொண்டுவந்தார். இரண்டாம் மாடி வீட்டுக்குள், காய்ந்த தரையில், பெரியவர்கள் மூன்று பேரும் வெள்ளம் வந்ததுபோல் ரப்பர் ஷூவோடு நடந்தோம். நான் அதோடேயே தொலைக்காட்சி பார்த்தேன்.

கீழ் வீட்டம்மாள் ஏறி வந்துவிட்டாள்.

"என்னம்மா, மேல குதிரை வளக்குறீங்களா? ராத்திரி பகலா டக்கு டக்குன்னு கேக்குது."

"குதிரை இல்லம்மா. பூனை" என்றேன்.

அவள் என் கால் ரப்பர் ஷூவைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். படியிறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் ரொம்ப மரியாதையாக ஒதுங்கி நிற்கிறாள்.

காலைக் காப்பாற்றினோம். கையை எப்படிக் காப்பாற்றுவது? மாப்பிள்ளையின் பத்து விரலிலும் பிளாஸ்திரி. அந்தக் கையோடு ஒருவர் காலைப் பிடித்தால் யாருக்குத்தான் பயம் வராது? "உங்க கைக்கு என்ன?" என்று காலை இழுத்துக்கொண்டார்கள். "பூனைங்க, பரவால்ல" என்று இவர் சொல்ல, முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் கடை மூடும் நேரத்தில் கூப்பிட்டார்.

"பூனை எவ்வளவு பெருசு?"

மாப்பிள்ளை உள்ளங்கையைக் காட்டினார்.

"அவ்வளவு சின்னதுகிட்ட 'வேண்டாம்'னு சொல்ல முடியல உங்களால. நான் புதுக் கடையில ஆறு பேரை உங்ககிட்ட விடணும். ஒருத்தன் லேட்டா வருவான், ஒருத்தன் போட்டுத் தேய்ச்ச ஷூவைத் திருப்பிக் கொண்டுவருவான். எல்லாருக்கும் பரவால்லயா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்கு டீ குடிக்க வரேன். அங்க பேசிக்கலாம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மாப்பிள்ளையின் முகம் கசங்கிய காகிதம்போல் இருந்தது. என் மகள் பூனையைக் கூடையில் போட்டாள், அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நேரே பூனை டாக்டரம்மாவிடம் போனாள். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன்.

டாக்டரம்மா பன்னிரண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குட்டிக்கு ஒண்ணுமில்ல. கையைப் பொம்மையாக்கினது யாரு?" என்றாள்.

நானும் மகளும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். மாப்பிள்ளை பிளாஸ்திரிக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"இனிமே கையில விளையாட்டு காட்டக் கூடாது. நூல்ல ஏதாவது கட்டி இழுங்க, அதைத் துரத்தட்டும். நல்லா ஓடவிட்டுட்டுச் சாப்பாடு வைங்க. கடிச்சா கையை வெடுக்குன்னு இழுக்காதீங்க, ஓடுற எலின்னு நினைக்கும். மரம் மாதிரி நில்லுங்க. 'வேண்டாம்'னு ஒரு தடவை சொல்லுங்க, சத்தம் போடாம. அது விட்டதும் எழுந்து போயிடுங்க. கடிச்சா விளையாட்டு முடிஞ்சுதுன்னு அதுக்குத் தெரியணும். வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி செய்யணும்."

"வேண்டாம்னு சொன்னா அது மனசு கஷ்டப்படாதா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

டாக்டரம்மா குட்டியைக் கூடைக்குள் விட்டாள். "நீங்க சொல்லிப் பழகுங்க. கஷ்டப்பட்டா என்கிட்ட கூட்டிட்டு வாங்க" என்றாள். பூனையைச் சொன்னாளா, இவரைச் சொன்னாளா தெரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேருக்குப் பயிற்சி நடந்தது. பூனைக்கு, பழைய ஷூ நாடாவின் நுனியில் சாக்ஸை முடிச்சுப் போட்டுக் கட்டி, என் மகள் வரவேற்பறை முழுக்க இழுத்துக்கொண்டு ஓடினாள். அது இரைக்க இரைக்கத் துரத்தி, சாப்பிட்டு, பெட்டியில் விழுந்து தூங்கியது. கெட்டிக்காரக் குட்டி. இரண்டு மூன்று நாளிலேயே கடி குறைந்தது. மரமாக நின்றால் சலித்துப்போய் விட்டுவிடும். நான் கத்தியதும் ஒரு காரணம் என்றுதான் இப்போதும் சொல்வேன். டாக்டரம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

மாப்பிள்ளையின் பயிற்சிதான் தேறவில்லை. கண்ணாடி முன்னால் நின்று "முடியாது" என்று சொல்லிப் பார்ப்பார். "முடியாது" வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே "பரவால்ல" வந்துவிடும். நான் பரீட்சை வைத்தேன்.

"மாப்பிள்ளை, இன்னொரு டீ போட்டுத் தர்றீங்களா? முடியாதுன்னு சொல்லணும், ஞாபகம் இருக்கட்டும்."

"மு..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். "சக்கரை எவ்வளவு போடணும் அத்தை?" என்று சமையலறைக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க நான் குடித்த டீக்கு என் தூக்கமே போயிற்று. படிப்பு ஏறவில்லையே தவிர, டீ நன்றாகப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பன்னிரண்டை ஓடவிட்டு, சாப்பாடு கொடுத்து, படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். முதலாளி வந்தார். ஆள் அலமாரி மாதிரி. வாசலில் ஷூவைக் கழற்றி வைத்தார். எங்கள் ஷூ அடுக்கில் அதில் ஒன்றைத்தான் வைக்க முடிந்தது, மற்றது தரையில் நின்றது. சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட சாக்ஸ். படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, மேலே இருந்த காலை ஆட்டத் தொடங்கினார். சிலருக்கு உண்டே அந்தப் பழக்கம், அது.

"பூனை எங்க?"

"தூங்குதுங்க" என்றாள் என் மகள்.

நல்ல கோப்பைகள் படுக்கையறை அலமாரியில் இருந்தன. எல்லாம் யோசித்தோம், இதை யோசிக்கவில்லை. என் மகள் கதவை ஒரு சாண் திறந்தாள். பன்னிரண்டுக்கு ஒரு சாண் எதற்கு? நாலு விரல் போதும்.

வந்தது. நின்றது. சிவப்பும் மஞ்சளுமாக, தன் உடம்பைவிடப் பெரிய ஒரு இரை காற்றில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தது. படித்த பாடம் எல்லாம் பறந்தது. பின்பக்கம் ஆடியது. பாய்ந்தது. முதலாளியின் கட்டைவிரலைக் கட்டிப் பிடித்து, கடித்தது.

முதலாளி "ஆ!" என்றார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார்! "அடடே, சின்னப் புலி! வாடா, வா!" என்று இன்னொரு காலின் விரல்களையும் ஆட்டினார். கையை நீட்டி விரலைக் குவித்து அதன் மூக்குக்கு நேரே ஆட்டினார். பன்னிரண்டுக்குக் கண் இரண்டும் கறுப்பாக விரிந்தது.

"வேண்டாம்!"

யார் குரல் என்று திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை. எழுந்து நின்றுகொண்டிருந்தார். முழங்கால் சத்தம்கூட வரவில்லை.

"வேண்டாம் முதலாளி. கையை ஆட்டாதீங்க. ஒரு வாரமா ராத்திரி பகலா சொல்லிக்குடுத்திருக்கோம். ஒரே நிமிஷத்துல கெடுத்துடாதீங்க. காலைக் கீழ வச்சு மரம் மாதிரி இருங்க."

முதலாளி மரம் மாதிரி இருந்தார். அவ்வளவு பெரிய மனிதர், விரலைக் குவித்தது குவித்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பன்னிரண்டு ஒரு கடி கடித்துப் பார்த்தது. அசையவில்லை. இன்னொரு உதை உதைத்தது. அசையவில்லை. சீ, செத்த இரை என்று விட்டுவிட்டு, சோபாவுக்கு அடியில் போய்க் காலை நக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை நாடாவில் கட்டிய சாக்ஸை எடுத்து இழுக்க, அதன்பின்னால் ஓடியது.

"இப்ப மூச்சு விடலாமா?" என்று கேட்டார் முதலாளி.

"விடுங்க."

டீ வந்தது. முதலாளி குடித்துக்கொண்டே பூனையைப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. "இதை எனக்குக் குடுத்துடுங்க" என்றார். "என் பெட்டியில பொறந்தது. பன்னெண்டுன்னு என் நம்பரே பேரு. நான் வளக்குறேன்."

என் மகள் தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். கேட்கிறவர் நாற்காலியைக் கொடுக்கிறவர். மாப்பிள்ளையோ, போட்டிருக்கும் சட்டையைக் கேட்டாலே கழற்றிக் கொடுக்கிறவர். 'பரவால்ல, எடுத்துக்குங்க' என்று இதோ சொல்லப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கடிகாரப் பூனை போய்விட்டால் எனக்கும் ஒன்றும் நன்றாக இருக்காது என்று. கடிகாரமா என்று கேட்கிறாள் என் மகள். கடிகாரம் இல்லை, கடிக்காரி. சரி, கடிக்கிற பூனை என்று எழுது.

"முடியாதுங்க" என்றார் மாப்பிள்ளை.

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். வாலில் 'பரவால்ல' வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

"உங்க வீட்டுல ஆளுக்கு ஒரு பக்கம் கையை ஆட்டுவாங்க. நீங்களே ஆட்டுவீங்க. இது திரும்பக் கெட்டுப்போகும். அப்புறம் எல்லாரும் இதைத் திட்டுவாங்க. முடியாது."

முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். சாக்ஸில் விழுந்த ஓட்டை வழியாக வெளியே தெரிந்த கட்டைவிரலை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைல வந்து பாத்துட்டாவது போகலாமா?"

"சாக்ஸ் இல்லாம வாங்க."

அவர் வாசலில் ஷூ மாட்டியபோது, பழக்க தோஷத்தில் மாப்பிள்ளை குனியப் போனார். "இருங்க, நானே போட்டுக்குறேன்" என்றார் முதலாளி. "நீங்க இனிமே நாற்காலி ஆளு."

இப்போது மாப்பிள்ளை ரயில் நிலையச் சாலைக் கடையில் சுழல் நாற்காலியில் உட்கார்கிறார். திறந்த முதல் நாளே ஒருவர், குதிகால் தேய்ந்த ஷூவைக் கொண்டுவந்து, "போடவே இல்ல, மாத்திக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை சுழன்று திரும்பி, "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் முகம் வாடி வெளியே போனதும் மனசு கேட்கவில்லை. எழுந்து தெருவில் ஓடி, பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்து, "பரவால்ல, குதிகால் மட்டும் புதுசா வச்சுத் தரச் சொல்றேன்" என்று கூட்டிவந்தாராம்.

பன்னிரண்டும் அப்படித்தான். பெரும்பாலும் கடிப்பதில்லை. எப்போதாவது, நாம் மறந்து அசந்திருக்கும் நேரத்தில், பழைய ஞாபகம் வந்து கட்டைவிரலை ஒரு கவ்வு கவ்விவிட்டு, நாம் மரமாகும் முன்பே அது மரமாகி உட்கார்ந்திருக்கும், நான் இல்லை என்பதுபோல. இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை, பாதிப் பாதிதான் தேறும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளி வெறுங்காலோடு வருகிறார். சோபாவில் காலை ஆட்டாமல் உட்காரப் படாத பாடு படுகிறார். நான் மட்டும் என் ரப்பர் ஷூவைக் கழற்றவில்லை. எல்லாரும் சொல்கிறார்கள், இனித் தேவையில்லை என்று. முடியாது.